தொடக்க எண் 3312

கப்பல்
ஏப்ரல் 4

அக்கா,

ஏப்ரல் 1, காலை 10 மணி 40 நிமிடம், மீட்டரில் எண் 3312. முதலில் இதை எங்கேயாவது எழுதி வை. எழுதிவிட்டாயா? சரி. நான் நலம். நீயும் அத்தானும் நலமா?

நேற்றிலிருந்து கடலுக்கடியில் கேபிள் இறக்கிக்கொண்டிருக்கிறோம். ஆனால் என் மனசு முழுக்க நம் வீட்டுக் கூரையில்தான் இருக்கிறது. எட்டு சோலார் பலகைகள்! அன்று காலை நான் சுவிட்சைப் போட்டதும் இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்ததே, அத்தான் கைதட்டினாரே, அதை நினைத்து நினைத்து இங்கே தனியாகச் சிரிக்கிறேன். பக்கத்துப் படுக்கைக்காரன் ஒரு மாதிரிப் பார்க்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். வாரத்துக்கு ஐந்து நிமிடம்தான் போன் தருகிறார்கள். "மீட்டர் பேச்சை எடுத்தா போனை வச்சிருவேன்" என்று நீ மிரட்டியிருப்பதால் மீட்டர் விஷயமெல்லாம் கடிதத்தில். சாமான் கொண்டுவரும் படகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும். தபால் பை அதில்தான் போகும்.

ஒவ்வொரு காலாண்டின் கடைசி நாளும் மீட்டரைப் பார்த்து, எண்ணைப் படிவத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுப் பத்து நாளுக்குள் மின் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நம் கூரை தரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அவர்கள் பணம் தருவார்கள். தொடர்ந்து மூன்று காலாண்டு ரீடிங்கை அவர்கள் ஏற்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து. புது ஆட்களுக்கு இந்த விலை இப்போது கிடையாது, போனால் போனதுதான். அத்தான் புது தையல் மெஷினுக்கென்று சேர்த்து வைத்திருந்ததை என் பேச்சைக் கேட்டுக் கூரையில் ஏற்றியிருக்கிறார். ஆகவே ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.

மீட்டர் புதிதில்லை, அலுவலகம் வேறெங்கோ கழற்றிப் பழுது பார்த்துக் கொடுத்தது. அதனால்தான் பூஜ்யத்தில் தொடங்காமல் 3312. வாசலில் டாக்ஸிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான், மீட்டர் இருக்கும் மாடிப்படிக்கு அடியில் ஒரே இருட்டு. புது நெற்றி விளக்கில் சிவப்பு வெளிச்சம் போட்டுப் பார்த்துத் தொடக்க எண் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன், அந்த வெளிச்சத்திலேயே போட்டோவும் எடுத்து இணைத்தேன். கப்பலில் ராத்திரி வேலைக்குச் சிவப்பு விளக்குதான் போட வேண்டுமாம், கண் பழகட்டுமே.

படிவத்தின் பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் ஏதோ இருக்கும். படிக்க வேண்டாம். வெறும் அலுவலகப் பேச்சு.

உன் தம்பி


வீடு
ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நலம் விசாரிக்கக் கடைசியாக உனக்கு நேரம் கிடைத்ததில் சந்தோஷம். அலை அதிகமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? "ஆமாம்" என்று மட்டும் எழுதாதே, என்ன சாப்பிட்டாய் என்று எழுது.

கூரை நன்றாக இருக்கிறது. தெருவில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டார்கள். எதிர்வீட்டு நர்ஸ் அம்மா, "மழை பெஞ்சா ஷாக் அடிக்குமா?" என்று கேட்டார். உன் அத்தான், "மழை பெஞ்சா துணி காயாது, அவ்வளவுதான்" என்றார். மத்தியானத்தில் வாஷிங் மெஷின் போடும்போதெல்லாம் எனக்கு வெயிலிலேயே துவைப்பது போல ஒரு பெருமை.

அவர் தன் அளவு நோட்டில் கூரைக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். கழுத்து, தோள், நீளம் என்ற கட்டங்களை அடித்துவிட்டு மேலே 'கூரை' என்று வாடிக்கையாளர் பெயர் போல எழுதி வைத்திருக்கிறார். படிவத்தின் பின்பக்கத்தையும் படித்தார். துணிக்கட்டு வந்தால் லேபிளின் பின்பக்கத்தைக்கூடப் படிக்கிற கட்டிங் மாஸ்டர், அவரிடம் போய்ப் படிக்காதே என்கிறாய்.

நீ டாக்ஸியில் ஏறிய பிறகு அவரும் டார்ச் எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போனார். திரும்பி வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். "ஒண்ணுமில்ல" என்று போய்விட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


வீடு
ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். நேற்று முன்தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் ரீடிங் எடுத்தார். 1431. இன்று படிவம் தபாலில் போகிறது.

நீ எழுதிய மீன் குழம்பு நம்பும்படி இல்லை. கப்பலில் யார் அரைத்துக் கொடுத்தார்கள்?

அக்கா


கப்பல்
ஜூலை 20

அக்கா,

நலமெல்லாம் அப்புறம். 1431 என்ன எண்? தொடக்கம் 3312. மூன்று மாதம் வெயில் அடித்த பிறகு எண் குறையுமா? மீட்டர் பின்னால் ஓடாது! நம் வீட்டுக் கூரை மின்சாரத்தைத் தின்கிறதா?

அரை மணி நேரம் கணக்குப் போட்டேன். கண்டுபிடித்துவிட்டேன். அத்தான் முதல் இரண்டு எண்ணை இடம் மாற்றி எழுதிவிட்டார். அது 1431 இல்லை, 4131. இப்போது பார், 819 யூனிட் வருகிறது. அலுவலகத்துக்கு உடனே திருத்தம் அனுப்பு: "தவறுதலாக எழுதிவிட்டோம், சரியான எண் 4131." அத்தானைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. நான்கு எண்ணை வரிசையாகப் பார்த்து எழுத முடியாதா ஒரு மனிதரால்?

இன்னொன்று. 819 போதாது. நான் போட்ட கணக்கு 1100. பலகையில் தூசி படிந்திருக்கும். வாரம் ஒருமுறை, வெயில் ஏறுமுன், மெல்லிய துணியால் கழுவ வேண்டும். மொட்டை மாடியில் துணி காயப்போடும் கயிற்றையும் அவிழ்த்துவிடு, நிழல் விழும்.

நான் நலம். மீன் குழம்பு பாக்கெட்டில் வந்தது.

தம்பி


வீடு
ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

இருவரும் சுகம்.

உன் கடிதம் வந்த அன்று நான் கடைக்குப் போயிருந்தேன். அவர் பிரித்துப் படித்துவிட்டார். நான் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "உன் தம்பி என்னைக் கண் டாக்டர்கிட்ட போகச் சொல்றான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்புறம் நோட்டைப் பிரித்து 1431 என்ற எண்ணை மறுபடி பார்த்தார்.

இருபத்தெட்டு வருஷமாக அளவு எடுக்கிறவர், தம்பி. அவர் எண்ணை இடம் மாற்றி எழுதுகிறவராக இருந்தால் இந்த ஊரில் பாதிப் பேர் கழுத்து இறுகி நின்றிருப்பார்கள், மீதிப் பேர் கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்திருப்பார்கள்.

கயிற்றை அவிழ்த்தாயிற்று. ஞாயிறுதோறும் விடிந்ததும் அவரே ஏறிக் கழுவுகிறார். முட்டி வலிக்கிறது என்று சொல்வதில்லை, இறங்கும்போது ஒவ்வொரு படியாக இறங்குகிறார்.

அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பியாகிவிட்டது.

அக்கா


வீடு
அக்டோபர் 2

தம்பிக்கு,

சுகம். ரீடிங் 2521. நான் கூடவே நின்று டார்ச் பிடித்தேன். படிவம் போய்விட்டது.

உனக்குக் காய்ச்சல் என்று போனில் உன் குரலே சொன்னது. இல்லை என்று நீ சொன்னாய். வெந்நீர் குடி.

அக்கா


கப்பல்
அக்டோபர் 19

அக்கா! அக்கா!

காய்ச்சல் போய்விட்டது. 2521 என்ற எண்ணைப் பார்த்ததும் படுக்கையிலிருந்து குதித்து இறங்கிவிட்டேன். முதல் இரண்டு எண்ணை மாற்றிப் பார்: 5221. அதிலிருந்து 4131 கழி. 1090! நான் போட்ட கணக்குக்கு அச்சு அசலாக வருகிறது! தூசி போனதும் கூரை முழுவீச்சில் வேலை செய்கிறது. நான் சொன்னது சரி, கழுவச் சொன்னது சரி, அத்தான் எண்ணை மாற்றி எழுதுகிறார் என்பதும் சரி. இரண்டு தடவையும் அதே தப்பு! நீ டார்ச் பிடித்தும் கவனிக்கவில்லை, குடும்பமே அப்படித்தான் போலிருக்கிறது.

என் சீஃபிடம் காட்டினேன். "உங்க அத்தான் என்ன பண்றாரு?" என்று கேட்டார். "டெய்லர்" என்றேன். "அவர்கிட்ட நான் சட்டை தைக்கக் கொடுக்கமாட்டேன்" என்றார். இங்கே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

5221 என்று திருத்தி அனுப்பு. அலுவலகத்திலிருந்து ஏதாவது பதில் வந்ததா? நீ எழுதவே இல்லையே. வராமல் இருந்தால் நல்லதுதான், எல்லாம் சரி என்று அர்த்தம்.

தம்பி


வீடு
ஜனவரி 5

தம்பிக்கு,

நாங்கள் சுகம் என்றுதான் எழுத வேண்டும்.

நீ போட்ட இரண்டு கடிதத்துக்கும் நான் பதில் போடவில்லை. போனிலும் மழையைப் பற்றியே பேசினேன். இனி மறைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

உன் 4131, 5221 இரண்டையும் நாங்கள் அனுப்பவே இல்லை. "கண்ணால பாத்ததத்தான் எழுதுவேன்" என்று அவர் 1431, 2521 என்றே அனுப்பினார். தொடக்க எண்ணைவிடக் குறைவு என்று அலுவலகம் இரண்டையும் நிறுத்தி வைத்துவிட்டது. டிசம்பர் கடைசியில் எடுத்த ரீடிங் 3409. முன் எண்ணே ஏற்கப்படாதபோது இதையும் ஏற்க முடியாதாம். இது மூன்றாவது. பிப்ரவரி 12ஆம் தேதி அலுவலர் நேரில் வருகிறார். எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று அன்றைக்குக் காரணம் காட்டாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது.

முதல் தடவை படிவம் திரும்பி வந்தபோதே அவர் அலுவலகத்துக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். "நான் துணி வெட்டுகிறவன். எனக்கு மீட்டர் பார்க்கத் தெரியவில்லை. ஆள் அனுப்பிப் பார்த்துச் சரிசெய்து கொடுங்கள்." தம்பி, தனக்கு எண் பார்க்கத் தெரியாது என்று அந்த மனிதர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

ஏன் அப்படிக் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். "கூரை போனா போவட்டும், இன்னொரு மெஷினுக்கு இன்னும் நாலு வருஷம் சேர்த்தா போச்சு" என்கிறார்.

சட்டை தைக்கக் கொடுக்க மாட்டேன் என்ற உன் சீஃபின் வார்த்தையை நான் அவரிடம் படித்துக் காட்டவில்லை.

அக்கா


கப்பல்
ஜனவரி 21, மாலை 4 மணி 15 நிமிடம்

அக்கா,

நேற்று உன் கடிதம் வந்தது. நேற்றே ஒரு பதில் எழுதினேன். நான்கு பக்கம், முழுக்கக் கோபம். இன்று அதைக் கிழித்துக் கடலில் போட்டுவிட்டேன். என்ன நடந்தது என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி.

3409ஐ மாற்றிப் போட்டால் 4309. போன எண் 5221. குறைகிறது! எப்படிப் புரட்டினாலும் ஒத்து வரவில்லை. ராத்திரி தூங்கவில்லை, காலையில் வேலையில் கவனமில்லை. மூன்று மணிக்குக் கேபிளைச் சுருட்டி வைக்கும் தொட்டிக்குள் இறங்கினேன், உள்ளே பகலிலும் இருட்டுதான். கூட வந்தவனை நாங்கள் நங்கூரம் என்று கூப்பிடுவோம், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். கையுறையோடு என் நெற்றி விளக்கை அழுத்தினேன், வெள்ளைக்குப் பதிலாகச் சிவப்பு எரிந்தது.

"டேய், இந்தச் சுருள் இன்னும் சோதிக்காததுடா. அதுக்கு லேபிள்ல சிவப்புச் சீல் இருந்துச்சே, எங்க?" என்றான்.

"சீலே இல்லையேடா, நல்லா பாரு" என்றேன்.

"காலையில நான்தான் குத்துனேன். நீ நல்லா பாரு."

வெள்ளை விளக்கைப் போட்டேன். சீல் இருந்தது. சிவப்பைப் போட்டேன். இல்லை. மறுபடி வெள்ளை. இருந்தது. நங்கூரம், "என்னடா, கண்ணாமூச்சி காட்றியா?" என்கிறான். நான் அவனைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். தொட்டி முழுக்க எதிரொலித்தது.

வெள்ளைத் தாளில் சிவப்புக் கோடு, மேலே சிவப்பு வெளிச்சம். தாளும் சிவப்பாகத் தெரியும், கோடும் சிவப்பாகத் தெரியும், அதாவது கோடே தெரியாது! பள்ளிக்கூடப் பாடம்! அக்கா, ஒன்று மட்டும் கேட்கிறேன். மீட்டரில் கடைசி எண்ணைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் ஒன்று இருக்கிறதா? பதில் வேண்டாம், இருக்கிறது. கட்டத்துக்குள் இருப்பது யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. அதை எழுதக் கூடாது. அதுதான் படிவத்தின் பின்பக்கத்தில் இருந்திருக்கும், நான் படிக்காதே என்ற பக்கத்தில்.

மீட்டரில் இருந்தது 3312 இல்லை. 331, கட்டத்துக்குள் 2.

இப்போது கழித்துப் பார்! 1431லிருந்து 331 போனால் 1100. அடுத்தது 1090. அடுத்தது 888, குளிர்கால வெயிலுக்கு அதுதான் கணக்கு! மூன்றும் நான் போட்ட கணக்கு! கூரை முதல் நாளிலிருந்தே முழுவீச்சில்தான் வேலை செய்திருக்கிறது. தூசியே இல்லை. அத்தான் வாராவாரம் அந்த முட்டியோடு ஏறிக் கழுவியது ஒன்றுமில்லாத தூசியை. அவர் எழுதிய ஒவ்வொரு எண்ணும் சரி. தப்பாக இருந்தது ஒரே ஒரு எண், நான் எழுதியது.

நான் 1090 வந்துவிட்டது என்று குதித்தேனே, அது எதேச்சையாக வந்தது. எனக்கு வேண்டிய விடை வந்ததும் நிறுத்திவிட்டேன்.

அத்தானுக்கு இது ஏப்ரல் 1ஆம் தேதியே, டார்ச்சோடு போய்ப் பார்த்தபோதே தெரியும். அவர் எனக்குச் சொல்லாததற்குக் காரணம் இப்போது எனக்கும் தெரியும். தொடக்க எண் படிவத்தில் என் எலக்ட்ரீஷியன் லைசென்ஸ் நம்பரும் கையெழுத்தும் இருக்கின்றன. தவறான எண்ணுக்குச் சான்று கொடுத்தேன் என்று பதிவானால் லைசென்ஸ் போகலாம், அதோடு இந்தக் கப்பல் வேலையும். அதனால்தான் தனக்கு மீட்டர் பார்க்கத் தெரியாது என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

அதற்கு நான் விட மாட்டேன். அலுவலகத்துக்கு இதே பையில் என் கடிதம் போகிறது: தேதி, மணி, சிவப்பு விளக்கு, என் கையெழுத்து, லைசென்ஸ் நம்பர் எல்லாம் எழுதி. நகலைச் சீஃபிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "யோசிச்சுத்தான் அனுப்புறியா?" என்றார். "ஆமா" என்றேன். "டெய்லர் பத்தி நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார்.

படகு ஐந்து மணிக்கு. ஓடுகிறேன்.

தம்பி


வீடு
பிப்ரவரி 13

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் நலம். முட்டியும் பரவாயில்லை. உன் அக்கா நேற்றிலிருந்து சிரித்துக்கொண்டே அழுகிறாள், அதனால் இந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன்.

அலுவலர் நேற்றுப் பத்தே காலுக்கு வந்தார். ஐம்பது வயது அம்மா, பையில் இரண்டு டார்ச். நீ ஏப்ரலில் இணைத்த போட்டோவை வைத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் வெகுநேரம் குந்தியிருந்தார்.

"இந்த போட்டோ எடுத்தது யாரு?"

"என் மச்சினன்."

"லைசென்ஸ் இருக்கறவரா?"

"இருக்குங்க. அவசரமும் இருக்கு."

அந்த அம்மா சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். உன் கையெழுத்து எனக்குத் தெரியும். "இது முந்தாநாள்தான் வந்துச்சு. தன் தப்ப தானே எழுதி அனுப்பின ஆள நான் இந்த வேலையில பாத்ததில்ல" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "மீட்டர் பாக்கத் தெரியாதுன்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்களே, அது பொய்தானே?" என்று கேட்டார். உன் அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்து, "பொய்தாங்க! முழுப் பொய்!" என்று கத்தினாள். தெருவுக்கே கேட்டிருக்கும்.

தொடக்க எண்ணை 331 என்று திருத்தி, மூன்று ரீடிங்கையும் ஏற்றுக்கொண்டார்கள். ஒப்பந்தம் நிற்கிறது. உன் லைசென்ஸை ரத்து செய்யவில்லை. ஆனால் ஒரு குறிப்பு ஏறியிருக்கிறது. மீட்டர் தேர்வு மறுபடி எழுதித் தேறும்வரை நீ எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது. வருத்தமாக இருக்கிறது.

மாப்பிள்ளை, நான் வாயை மூடிக்கொண்டால் உனக்குப் பாதுகாப்பு என்று நினைத்தேன். அன்றைக்கே டாக்ஸியை நிறுத்தி, "ஒரு நிமிஷம் இறங்கிப் பார்த்துட்டுப் போ" என்று சொல்லியிருக்க வேண்டும். சட்டை வெட்டிய பிறகு பேசாமல் இருக்கலாம், வெட்டும் முன் பேசாமல் இருக்கக் கூடாது. இதில் பாதித் தப்பு என்னுடையது, முழுவதையும் நீ எடுத்துக்கொள்ளாதே.

கண் டாக்டரிடமும் போய்வந்தேன், உன் அக்காவின் பிடிவாதம். கண் நன்றாக இருக்கிறதாம்.

வேளைக்குச் சாப்பிடு.

அத்தான்


கப்பல்
மார்ச் 3, காலை 7 மணி

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

இருவரும் நலமா? முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன், கவனியுங்கள். நான் நலம், ரொம்ப ரொம்ப நலம்!

அத்தான், உங்கள் கடிதத்தைத் தொட்டிக்குள் வைத்து ஐந்து தடவை படித்தேன், வெள்ளை விளக்கில். ஒப்பந்தம் நிற்கிறது என்ற வரி வந்ததும் நங்கூரமே எழுந்து நின்றான். லைசென்ஸில் ஏறிய குறிப்புக்கு வருத்தப்படாதீர்கள். அது நான் எழுதிய எண்ணுக்கு வந்த குறிப்பு, அது அங்கேதான் இருக்க வேண்டும். பாதித் தப்பை நீங்கள் எடுத்துக்கொள்கிறேன் என்கிறீர்கள். தர மாட்டேன். வேண்டுமானால் கால்வாசி தருகிறேன், டாக்ஸியை நிறுத்தாததற்கு.

மார்ச் 28ஆம் தேதி கப்பல் கரைக்கு வருகிறது. எனக்கு இருபது நாள் விடுப்பு. போனில் சொன்னால் ஐந்து நிமிடத்தில் கத்தி முடித்துவிடுவேன், ஆகவே எழுதுகிறேன். நான் செய்யப் போவது:

1. கப்பலிலிருந்து நேராக வீடு. டாக்ஸிக்காரன் ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும்.

2. சீஃப் சட்டைத் துணி வாங்கிக் கொடுத்திருக்கிறார், அவருக்கும் நங்கூரத்துக்கும் இரண்டிரண்டு. அளவை நான் எழுதவில்லை. அவர்களுடைய பழைய சட்டைகளையே கொண்டு வருகிறேன்.

3. மொட்டை மாடியில் துணிக் கயிற்றை மறுபடி கட்டுவேன். பலகைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும். என் விடுப்பில் நான் கழுவுவேன், மற்ற நேரத்துக்கு ஆள் வைத்துவிட்டுப் போவேன்.

4. படிவத்தின் பின்பக்கத்தை முழுக்கப் படிப்பேன். பொடி எழுத்து உட்பட.

5. தேர்வு எழுதுவேன்.

6. மார்ச் 31, சாயங்காலம் ஐந்து மணி, மாடிப்படிக்கு அடியில் அத்தான் எண்ணைப் படிப்பார். நான் எழுதுவேன். திரும்பக் கேட்க மாட்டேன்.